கீழ்த்தட்டுக் குடித்தனம்

ஆய்வுக்கூடத்தில் அவளைத் தொட்டிலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுக்கென்று ஒரு நல்ல பெயர் சம்பளப் பட்டியலில் இருந்தது. அது அங்கேயே நிம்மதியாக இருக்கட்டும் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். செல் வளர்க்கும் இன்குபேட்டர் பெட்டியை, வேலைக்குச் சேர்ந்த புதிதில், வாய் தவறித் தொட்டில் என்று சொல்லிவிட்டாள். அலுவலகத்தில் ஒருவர் செய்த நல்ல காரியம் சாயங்காலத்துக்குள் மறந்துபோகும். வாய் தவறியது மட்டும் ஓய்வு பெறும்வரை கூடவே வரும்.

அவளுடைய உத்தியோகத்தைச் சுருக்கமாகச் சொன்னால், சாவுக்கு ஏற்பாடு செய்வது. புதிதாக அறிமுகமாகிறவர்களிடம் இதைச் சொல்லமாட்டாள். "லேப்ல வேலை" என்று நிறுத்திக்கொள்வாள். கேட்டவர்கள் உடனே தங்கள் சர்க்கரை அளவைச் சொல்லி அபிப்பிராயம் கேட்பார்கள். அதற்கும் ஏதாவது சொல்லி வைப்பாள்.

விஷயம் இதுதான். நம் ரத்தத்தில் காவல் வேலை பார்க்கும் வெள்ளணுக்கள் இருக்கின்றன. கிருமி வந்தால் மல்லுக்கு நிற்பவை. ஆனால் அவற்றுக்கு ஒரு விசித்திரமான சுபாவம். யாராவது அவ்வப்போது 'இரு, இன்னும் கொஞ்ச நாள் இரு' என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். ரத்தத்தில் மிதக்கும் ஒரு சின்னப் புரதம் அந்தச் சொல்லைக் கொண்டுவருகிறது. அதைக் கேட்க ஒவ்வொரு செல்லின் மேலும் ஓர் ஏற்பி உண்டு. தொட்டிலக்கா அதைக் காது என்பாள். சொல் காதில் விழாவிட்டால் அந்தச் செல் யாரிடமும் கோபித்துக்கொள்ளாது. கூச்சல் போடாது. தன்னைத்தானே சின்னச் சின்னப் பொட்டலங்களாகக் கட்டி வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்துவிடும். மனிதர்களில் இத்தனை ஒழுங்காகச் செத்தவர்களை அவள் பார்த்ததில்லை. அவளுடைய மாமனார் போய் வருடக்கணக்காகிறது. இரும்பு அலமாரியின் சாவி இன்னும் கிடைத்தபாடில்லை.

அந்தக் காதில் போய் அடைத்துக்கொள்ளும் ஆன்டிபாடி என்னும் எதிர்ப்பொருள் ஒன்றைத்தான் அந்த ஆய்வுக்கூடம் தயாரித்து, நோய் எதிர்ப்பை ஆராய்கிறவர்களுக்கெல்லாம் கொடுத்துவந்தது. அதைச் சுரக்கும் செல்லுக்கு ஒரு கதை உண்டு. என்றோ செத்துப்போன ஓர் எலியின் மண்ணீரலிலிருந்து எடுத்து, சாவு என்றால் என்னவென்றே தெரியாத புற்றுச்செல் ஒன்றோடு ஒட்டவைத்து உண்டாக்கியது. எலி போய்விட்டது. எலியின் ஒரு துணுக்கு மட்டும், தன் எலி போனது தெரியாமல், உடம்புச் சூட்டில் ஒரு பெட்டிக்குள் உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தது. தொட்டிலக்கா அதற்குச் சாப்பாடு ஊற்றி, சுரந்ததை வடித்து எடுப்பாள். வடித்தது சரக்காகத் தேறுமா என்று பார்க்க, அந்தச் சொல்லைக் கேட்டே உயிர் வாழும் சோதனைச் செல்களையும் தனியே வளர்த்தாள். குழித்தட்டின் சிறு குழிகளில் அவற்றைப் போட்டு ஆன்டிபாடியை விட்டால், அவை சாக வேண்டும். செத்தால் சரக்கு நல்ல சரக்கு. ஆய்வுக்கூடத்தின் தலைவரான பெரிய சார் வந்து நுண்நோக்கியில் குனிந்து பார்த்து, "பேஷ், ஒண்ணு மிச்சமில்ல" என்று முகம் மலர்வார். உலகத்தில் எழவு விழுந்ததற்கு மனம் நிறைந்து பாராட்டும் இடங்கள் சிலவே. அதில் இது ஒன்று.

ஒன்று மிச்சமில்லை என்பது பெரிய சாரின் கண்ணாடிக்குத்தான். குழியின் ஓரத்தில் எப்போதும் ஒன்றிரண்டு உருண்டையாக, பளபளவென்று, உயிரோடு இருக்கும். சோதனை முடிந்ததும் பிளீச் ஊற்றிக் கொட்டிவிட வேண்டும் என்பது விதி. தொட்டிலக்காவும் விதிப்படிதான் கொட்டிவந்தாள், ஒரு நாள் வரைக்கும்.

அன்றைக்குக் காலையில் நாத்தனார் அவளை வாயால் தாளித்து எடுத்திருந்தாள். நாத்தனார் என்றால் கணவரின் தங்கை; மாடியறையில் குடியிருப்பு, கீழ்ப்போர்ஷனில் அதிகாரம். "அண்ணி, நீங்க இந்த வீட்டுல இருக்கீங்களா இல்லையான்னே தெரியமாட்டேங்குது. லேப்ல நாக்கையும் ஃப்ரீசர்ல வச்சுட்டு வந்துடறீங்களா?" என்று கேட்டாள். பதில் சொல்லலாம் என்று இவள் வாயைத் திறப்பதற்குள் நாத்தனார் வேறு மூன்று விஷயத்துக்குத் தாவியிருந்தாள். கணவர் லிஃப்ட் மெக்கானிக். நாளெல்லாம் லிஃப்ட் குழிக்குள் தலையைக் கொடுத்து நிற்கிறவர். மனுஷக் குரல் என்றால் மேல்மாடியிலிருந்து 'ஆச்சா, ஆச்சா' என்று கேட்பது ஒன்றுதான் அவருக்குப் பழக்கம். அதற்கு அவர் பதில் சொல்வதில்லை. வீட்டிலும் அதே வழக்கம்.

அந்த மனநிலையோடு குழித்தட்டைப் பார்த்தபோது, ஓரத்தில் பிழைத்துக் கிடந்தவற்றின் மேல் பிளீச் ஊற்ற அவளுக்குக் கை வரவில்லை. உறிஞ்சி எடுத்து ஒரு சின்னக் குப்பியில் விட்டாள். பெட்டியின் கீழ்த்தட்டில், ஆள் கண் படாத பின்மூலையில் வைத்தாள். 'இரு' என்று சொல்லும் புரதத்தை அதற்கு அவள் ஊற்றவில்லை. அது விலை அதிகம், கணக்கில் உதைக்கும். ரோஜா நிற ஊட்டநீர் மட்டும் ஊற்றினாள். இரண்டு நாளில் போய்விடும் என்று நினைத்தாள்.

போகவில்லை. பெருகியது.

அதற்கடுத்த சோதனையில் பிழைத்தவையும் அங்கே குடிவந்தன. அதற்கடுத்தவையும் வந்தன. தினமும் காலையில் அவற்றுக்குச் சாப்பாடு ஊற்றும்போது தொட்டிலக்கா பேசத் தொடங்கினாள். செல் குப்பிகளைத் திறந்து வேலை பார்க்கும் கண்ணாடிக் கூண்டின் காற்றாடி இரைச்சலில் பக்கத்து ஆளுக்குக் கூடக் கேட்காது. நாத்தனாரின் மூட்டுவலி எந்தெந்தக் கிழமையில் வருகிறது, துணி துவைக்கும் கிழமைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம், கணவர் நேற்று முழுக்கப் பேசியது 'உப்பு' என்ற ஒரே சொல், வெளியூரில் படிக்கும் மகள் போன் செய்தால் அப்பாவிடம் கொடு என்கிறாள், கொடுத்தால் இரண்டு பேரும் சேர்ந்து சும்மா இருக்கிறார்கள். வீட்டில் வைத்துப் பேச முடியாத எல்லாம் கீழ்த்தட்டுக்கு இறங்கின. காதும் காதும் வைத்தாற்போல் ரகசியம் காக்கும் இடம் என்று அவளுக்குப் பரம திருப்தி.

முதலில் அவளை யோசிக்க வைத்தது நிறம். நல்ல சண்டை ஒன்றை விவரித்த நாளின் மறுநாள் ஊட்டநீர் மஞ்சளாகியிருக்கும். அதாவது அவை வயிறாரச் சாப்பிட்டுப் பெருகியிருக்கின்றன என்று பொருள். சொல்ல ஒன்றுமில்லாத நாளின் மறுநாள் ரோஜா நிறம் அப்படியே நிற்கும். தற்செயல் என்று எடுத்துக்கொண்டாள். தற்செயல்தான் என்று உறுதிப்படுத்திக்கொள்ள வீட்டில் நாத்தனாரிடம் வேண்டுமென்றே கொஞ்சம் வாய் கொடுத்தும் பார்த்தாள். மறுநாள் மஞ்சள்.

இரண்டாவதாக, அவை குப்பிக்குள் கூடும் இடம். மிதக்கும் செல்கள் அடியில் பரவலாகப் படிய வேண்டும். இவை அவள் உட்காரும் பக்கத்துச் சுவரோரம், கும்பலாக, வெள்ளைக் கோடு போட்டாற்போல் வந்து நின்றன. குப்பியைத் திருப்பி வைத்தாள். மறுநாள் கும்பலும் திரும்பி நின்றது.

அன்று சாப்பிடும்போது கணவரிடம், "ஏங்க, பொட்டிக்குள்ள செல்லெல்லாம் நான் உட்கார்ற பக்கமாவே வந்து கூடுது" என்றாள்.

"தட்டு சாய்ஞ்சிருக்கும்."

"இத்தனை வருஷமா அதே தட்டுதாங்க."

"உலகத்துல எதுவும் லெவல்ல இல்லம்மா." அந்த மாதத்தில் அவர் ஆற்றிய நீண்ட சொற்பொழிவு அதுதான். எழுந்து போய், கைப்பெட்டியைத் திறந்து, லிஃப்ட் வேலைக்கு வைத்திருக்கும் ரசமட்டத்தைக் கொண்டுவந்து அவள் சாப்பாட்டுத் தட்டின் அருகே வைத்தார்.

"அண்ணி ஏதோ பேசினாங்க போல இருக்கே" என்று மாடிப்படியிலிருந்து நாத்தனார் அதிசயப்பட்டாள்.

மறுநாள் ரசமட்டத்தைத் துடைத்து, கீழ்த்தட்டில் வைத்துப் பார்த்தாள். உள்ளே இருந்த காற்றுக்குமிழி இப்படியும் அப்படியும் ஆடவில்லை. இரண்டு கோட்டுக்கும் நட்ட நடுவில், அளந்து வைத்தாற்போல் நின்றது. தட்டு சாய்ந்திருக்கவில்லை. அதைக் கணவரிடம் சொல்லவில்லை. "சரி பண்ணிட்டேங்க" என்று ரசமட்டத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

இந்தச் சமயத்தில்தான் ஆய்வுக்கூடத்துக்கு நிஜமான இடி விழுந்தது. புதுச் சரக்கின் சோதனையில் செல்கள் சாகவில்லை.

பெரிய சார் நுண்நோக்கியில் குனிந்தார், நிமிர்ந்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்தார். "என்னம்மா இது, கல்லுக்குண்டு மாதிரி இருக்குதுங்க. ஒண்ணு கூடச் சாகல?"

"தெரியலையே சார். மறுபடி பண்ணிப் பார்க்கறேன்."

மறுபடியும் சாகவில்லை. ஆன்டிபாடியை இரு மடங்காக விட்டார்கள். செல்கள் கொழுத்தன. கடைசியில், இருக்கும் செல் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டி, திரவ நைட்ரஜன் தொட்டியில் உறையவைத்திருந்த கடைசிக் குழாயை எடுத்துப் புதிதாக வளர்த்தார்கள். முதல் வாரச் சோதனையில் ஒழுங்காகச் செத்தன. பெரிய சாருக்கு உயிர் வந்தது. அடுத்த வாரம் அவையும் சாகாமல் நின்று, கொழுகொழுவென்று அவரைப் பார்த்தன.

"செல் மேல தப்பில்ல. ஆன்டிபாடிதான் செத்துப்போச்சு" என்று பெரிய சார் தீர்ப்பு சொன்னார். "மேலிடத்துக் கமிட்டி வேற வருது. அவங்க முன்னால இது வேலை செய்யலைன்னா எலிச் செல்லை மொத்தமாக் கொட்டிட்டு இந்த ரூமை மூடிடுவாங்க. உன்னைக் கண்ணாடிச் சாமான் கழுவற இடத்துக்கு மாத்துவாங்கம்மா. நானும் எங்கயாவது கழுவ வேண்டியதுதான்."

தொட்டிலக்காவுக்குக் கண்ணாடிச் சாமான் கழுவுவது ஒன்றும் கேவலமாகப் படவில்லை. ஆனால் எலி போயும் நிற்காமல் சுரக்கிற அந்தச் செல்லைத் தன் கையாலேயே கொட்டச் சொல்வார்களே என்பதைத்தான் அவளால் ஏற்க முடியவில்லை. அவளுடைய பாதி ஆயுள் அதற்குச் சாப்பாடு ஊற்றியதில் போயிருந்தது.

தீர்ப்பை ஒப்புக்கொள்ளாத ஒரே ஆள் ஆராய்ச்சி மாணவி. அவளுக்குச் சந்தேகம் என்று பெயர். காபி சூடாக இருக்கிறது என்று சொன்னால்கூட 'எதை வச்சுச் சொல்றீங்க' என்பாள். அவள் ஒரு காரியம் செய்தாள். தன் முழங்கையில் தானே ஊசி குத்தி ரத்தம் எடுத்து, வெள்ளணுக்களைப் பிரித்து, சாயம் ஒட்டிய ஆன்டிபாடியை அவற்றில் கலந்து லேசர் மெஷினில் ஓட்டினாள். அந்த மெஷின் செல்களை ஒற்றை வரிசையில் நிறுத்தி ஒவ்வொன்றாக வெளிச்சம் அடித்துப் பார்க்கும். காதில் ஆன்டிபாடி உட்கார்ந்திருந்தால் பச்சையாக மின்னும். திரையில் பச்சை மேடு கும்மென்று எழுந்தது.

"அக்கா, ஆன்டிபாடி நல்லாத்தான் இருக்கு. ஒவ்வொரு காதையும் தேடிப் போய் உட்கார்ந்திருக்கு பாருங்க. நம்ம சோதனைச் செல்லுல ஓட்டினா மட்டும் இருட்டு. அப்ப அது நம்ம செல்லே இல்ல. வேற ஏதோ உள்ள புகுந்து, இருந்ததைத் தள்ளிட்டு உட்கார்ந்திருக்கு." சந்தேகம் அவளை நேராகப் பார்த்தாள். "ரெண்டு செல்லுக்கு ஒரே பாட்டில்லேர்ந்து சாப்பாடு ஊத்தினீங்களா?"

ஒரு செல்லுக்கு ஒரு பாட்டில். இது அங்கே பல் தேய்ப்பது போன்ற விதி. ஒரு குப்பியைத் தொட்ட உறிஞ்சுகுழல், அதாவது பிப்பெட், பொதுப் பாட்டிலுக்குள் போனால், கண்ணுக்குத் தெரியாத ஒரு துளியில் ஒரு செல் ஏறிக்கொண்டு அடுத்த குப்பிக்குப் போய்விடும். தொட்டிலக்கா தினமும் காலையில் கீழ்த்தட்டுக்குத்தான் முதலில் ஊற்றினாள். அவை பசியோடு காத்திருக்கும் என்ற நினைப்பு. பிறகு சோதனைச் செல்லுக்கும் அதே பாட்டில். அதே பிப்பெட்.

"இல்லம்மா" என்றாள்.

சந்தேகம் மெஷினை அணைத்தாள். கமிட்டிக்குத் தன் ரத்தத்து வெள்ளணுக்களையே வைத்துக் காட்டுவதாகச் சொல்லி, பெரிய சாரின் சம்மதம் வாங்கி, ஒரு புதுக் குழித்தட்டில் அவற்றை விட்டுத் தொட்டிலின் நடுத்தட்டில், உள்பக்கமாகத் தள்ளி வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை தொட்டிலக்கா பெட்டியைத் திறந்தாள். வெதுவெதுப்பான ஈரக் காற்று, யாரோ மிக அருகில் வாய் திறந்தது போல, முகத்தில் பட்டது. கீழ்த்தட்டுக் குப்பியை எடுக்கக் குனிந்தவள் அப்படியே நின்றாள்.

அவள் பக்கத்துச் சுவரோரம் ஒன்றுமில்லை. வெள்ளைக் கோடு முழுக்க உள்பக்கம் போயிருந்தது. எல்லாம் சேர்ந்து, அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நடுத்தட்டில் இருந்த அந்தப் பெண்ணின் ரத்தம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்து மூலையில் நெருக்கியடித்து நின்றன.

வழக்கமாகப் பேசத் தொடங்கும் நேரம். வாய் தானாகத் திறந்தது. மூடிக்கொண்டாள். நேற்று வரை தன்னைப் பார்த்து உட்கார்ந்திருந்த கும்பல் திரும்பிவிட்டதே என்ற வருத்தம் முதலில் வந்தது என்பதை இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும். பயம் அதற்குப் பிறகுதான் வந்தது. வந்தது முழுசாக வந்தது. குப்பியை வெளியே எடுத்து, சொட்டுப்போல ஒரு குழாயில் விட்டுக்கொண்டு லேசர் மெஷின் அறைக்குப் போனாள்.

"இதையும் ஒரு தடவை ஓட்டிப் பாரும்மா."

சந்தேகம் குழாயைப் பார்த்தாள், அவள் முகத்தைப் பார்த்தாள். "எங்கேர்ந்துக்கா?"

"கீழ்த்தட்டு. நான்தான் வச்சிருந்தேன். சோதனையில தப்பிச்சதுங்க. நேத்து உன்கிட்ட இல்லைன்னு சொன்னேன்ல, அது பொய்."

பெண் ஆன்டிபாடியைக் கலந்து ஓட்டினாள். திரையில் செல்கள் ஆயிரக்கணக்கில் கடந்தன. பச்சை ஒரு புள்ளியும் இல்லை. இடது ஓரத்தில் இருட்டாக ஒரு மேடு மட்டும் எழுந்து நின்றது, சோதனைச் செல்களில் பார்த்த அதே மேடு.

"அக்கா, இதுங்களுக்குக் காதே இல்ல."

"ஒண்ணுக்குக் கூடவா?"

"ஒண்ணுக்குக் கூட. காதை அடைச்சாச் சாகணும். காதையே கழட்டிப் போட்டுட்டுப் பொழைக்கக் கத்துக்கிட்டிருக்கு. யாரும் 'இரு'ன்னு சொல்ல வேண்டியதில்ல, தானா இருக்கும். பக்கத்துல எதை வச்சாலும் அதைத் தின்னு தீர்த்துட்டு இருக்கும்."

தொட்டிலக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். நாத்தனாரின் மூட்டுவலி, மகளின் போன், சொல்லாமல் விட்ட பதில்கள், ஒருமுறை அழுதது, எல்லாம் அந்த இருட்டு மேட்டுக்குச் சொன்னவை. வீட்டில் அவள் பேச்சைக் கேட்காதவர்களுக்காவது தலைக்கு இரண்டு காது உண்டு.

"அப்ப எதை வச்சும்மா என் பக்கம் வந்துச்சுங்க? எதை வச்சு இன்னிக்கு உன் பக்கம் திரும்புச்சுங்க?" நடந்ததை எல்லாம் சொன்னாள். நிறம், கும்பல், ரசமட்டம் எல்லாவற்றையும்.

எதையும் 'எதை வச்சுச் சொல்றீங்க' என்று கேட்கிற பெண், அன்று அதைக் கேட்கவில்லை. தன் கையை மெஷினிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "தெரியலக்கா. என் குழித்தட்டை இப்பவே வேற பொட்டிக்கு மாத்திடறேன். நீங்க அதை ஊத்திடுங்க. கமிட்டிக்கு முன்னாடி அந்தப் பொட்டில இதுங்க ஒண்ணு கூட உயிரோட இருக்கக் கூடாது. இருந்தா நம்ம எலிச் செல்லும் போயிடும்."

எலிச் செல் தப்பிக்க வேண்டுமானால் இவை போக வேண்டும். கணக்கு அவ்வளவுதான், விவாதிக்க அதில் ஒன்றும் இல்லை. கண்ணாடிக் கூண்டில் குப்பியைத் திறந்து வைத்து பிளீச்சை ஊற்றினாள். ரோஜா நிறம் ஒரு கணம் கருஞ்சிவப்பாகத் திமிறியது. பிறகு நிறம் வடிந்து வெறும் தண்ணீர் போலாயிற்று. மற்றச் செல்கள் சாகும்போது பொட்டலம் கட்டிக்கொண்டு போகும். இவை எதையும் கட்டவில்லை. கடைசிவரை இருந்துவிட்டு, ஒரேயடியாக இல்லாமல் போயின. காற்றாடி இரைச்சல் மட்டும் கேட்டது. தனிப் பாட்டிலில் சாப்பிட்டதால் தப்பித்திருந்த எலிச் செல்லை வேறு பெட்டிக்கு மாற்றிவிட்டு, பெட்டியைத் தட்டுத் தட்டாகக் கழற்றித் துடைத்தாள். கெட்டுப்போன சோதனைச் செல்கள், பாட்டில்கள், பிப்பெட்டுகள் எல்லாவற்றையும் கொட்டினாள். பெரிய சாரிடம் போய் நின்று, கீழ்த்தட்டுச் சங்கதியை ஒன்று விடாமல் சொன்னாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "பேசவும் செஞ்சியாம்மா?"

"ஆமா சார்."

"என்னைப் பத்தி ஏதாவது?"

"கொஞ்சம் சார்."

"கொட்டியாச்சுல்ல. நல்லது" என்றார்.

கமிட்டி வந்தது. தலைவர், தலைவர் சொன்னதற்குத் தலையாட்டுகிறவர், தலையாட்டியதைக் குறித்துக்கொள்கிறவர் என்று மூன்று பேர். சந்தேகத்தின் வெள்ளணுக்கள் பாதிக் குழிகளில் சும்மா இருந்தன. பாதிக் குழிகளில் ஆன்டிபாடி விட்டிருந்தது. தலைவர் குனிந்து பார்த்தார். "அருமையாச் செத்திருக்கு" என்றார். மற்ற இருவரும் முறைப்படி தலையாட்டி, குறித்துக்கொண்டார்கள். எலிச் செல்லுக்கு ஆயுள் நீட்டிப்பு கிடைத்தது, அறைக்கும் கிடைத்தது, தொட்டிலக்காவின் நாற்காலிக்கும் கிடைத்தது. எல்லோரும் தேநீர் குடிக்கப் போனார்கள்.

குழித்தட்டைக் கொட்டுவதற்கு முன் தொட்டிலக்கா ஒருமுறை நுண்நோக்கியில் வைத்துப் பார்த்தாள். செத்தவை பொட்டலம் பொட்டலமாகக் கிடந்தன. ஒரு குழியின் ஓரத்தில், உருண்டையாக, பளபளவென்று, கொஞ்சம்.

வாசல் வரை போய், "சார், இன்னும் கொஞ்சம் இருக்கு" என்றாள்.

"அதெல்லாம் கணக்குல வராதும்மா, விடு" என்றார் பெரிய சார், தேநீர்க் கோப்பையும் கையுமாக.

திரும்பி வந்தபோது சந்தேகம் நுண்நோக்கியில் குனிந்திருந்தாள். நிமிரவே இல்லை. "அக்கா, இது நான்தானே?"

"நீதாம்மா."

"நான் வெளிய இங்க நிக்கறேன், இது இங்க இருக்கு. காதை அடைச்சும் போகல." குரல் ஒரு மாதிரியாக இருந்தது. "ஒரே ஒரு குப்பி. தனி பாட்டில், தனி பிப்பெட், தனிப் பொட்டி. எல்லாம் சுத்தமா வச்சுக்கறேன். கொஞ்ச நாள் வச்சுப் பார்க்கலாமாக்கா?"

தொட்டிலக்கா அவளை மெல்ல விலக்கித் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"வேணாம்மா. பேச ஆரம்பிச்சுடுவே."

"நான் பேசமாட்டேன்."

"நானும் அப்படித்தான் நெனச்சேன்" என்று பிளீச் பாட்டிலைத் திறந்தாள். பெண் நுண்நோக்கியின் விளக்கை அணைத்தாள். வரிசை வரிசையாகக் குழிகள் நிறம் போயின. ஓரத்துக் குழிக்கு வந்தபோது தொட்டிலக்கா ஒரு கணம் நிறுத்தி, பிறகு அதற்கு மட்டும் இரண்டு முறை ஊற்றினாள்.